பகிர்வு வழங்கிகளில் குறுநிரல்கள்: சி.ஜி.ஐ. முதல் பி.எச்.பி. வரை

இணையப் பக்கங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முன்பே எழுதி வைத்த கோப்பை அப்படியே எடுத்துத் தருவது நிலைப் பக்கம். வாசகர் கேட்கும் நேரத்தில் வழங்கியில் ஒரு நிரல் ஓடி, அப்போதே உருவாக்கித் தருவது இயங்கு பக்கம். பதிவெண்ணைக் கொடுத்துத் தேர்வு முடிவு பார்ப்பதும், கருத்துப் பெட்டியில் எழுதுவதும், தேடுபெட்டியில் தேடுவதும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இதற்காக வழங்கியில் ஓடும் சிறு நிரல்கள் வழங்கிப்புறக் குறுநிரல்கள் எனப்படும். பேச்சுவழக்கில் இவற்றை ஸ்கிரிப்ட் என்பார்கள்.

பெரிய நிறுவனங்களிடம் சொந்த வழங்கி உண்டு. ஒரு பள்ளியோ, சிறு கடையோ, சங்கமோ, தனிமனிதரோ அவ்வளவு செலவு செய்ய முடியாது. அவர்கள் ஒரே கணினியில் பலரோடு சேர்ந்து இடத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். இதுவே பகிர்வு வழங்கிச் சேவை. பழைய நகரங்களின் ஒண்டுக்குடித்தன வீடுகளை இதற்கு உவமையாகச் சொல்லலாம். ஒரே கூரை, ஒரே கிணறு, ஆளுக்கொரு அறை. கிணற்றில் யார் எவ்வளவு நீர் இறைக்கலாம், அறையில் அடுப்பு மூட்டலாமா என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்வார்.

கோப்புகளை வைக்க இடம் தருவதில் வீட்டுக்காரருக்குப் பெரிய சிக்கல் இல்லை. குடியிருப்பவர் தாம் எழுதிய நிரலை அந்தக் கணினியில் ஓட்ட வேண்டும் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்தக் கேள்விக்கு வழங்கி நிறுவனங்கள் சொன்ன விடை, எந்த நிரல்மொழி இணையத்தில் பரவும் என்பதையே பெருமளவுக்குத் தீர்மானித்தது. அந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

நிரல் நுழைந்த வழி

ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலை, முதலில் ஆவணங்களைப் பகிர்வதற்கானது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்தத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. மையத்தில் ராபர்ட் மெக்கூல் எழுதிய வழங்கி மென்பொருள் பரவத் தொடங்கியது. வழங்கி மென்பொருளுக்கும் வெளி நிரலுக்கும் இடையே ஒரு பொது உடன்பாடு தேவைப்பட்டது. அந்த உடன்பாடே சி.ஜி.ஐ., அதாவது காமன் கேட்வே இன்டர்ஃபேஸ். இதுவும் 1993இல் உருவானது.

இது செயல்படும் விதம் எளிமையானது. வாசகர் ஒரு முகவரியைக் கேட்கிறார். அது ஒரு நிரலின் முகவரி என்று கண்டுகொண்ட வழங்கி, அந்த நிரலைப் புதிதாகத் தொடக்குகிறது. வாசகர் அனுப்பிய விவரங்களைச் சூழல் மாறிகள் வழியாகவும், உள்ளீடாகவும் நிரலுக்குக் கொடுக்கிறது. நிரல் அச்சிடும் வெளியீட்டை வாங்கி உலாவிக்கு அனுப்புகிறது. பிறகு நிரல் முடிந்துவிடுகிறது. எந்த மொழியிலும் இப்படி எழுதலாம். சி மொழியில் எழுதியவர்கள் உண்டு. ஆனால் 1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழி எழுத்துகளைப் பிரித்துக் கையாள்வதில் வல்லது. ஆகவே சி.ஜி.ஐ. என்றாலே பெர்ல் என்று சொல்லும் அளவுக்கு அது பரவியது.

ஒரு கணினி, பல தளங்கள்

1994இல் மெக்கூல் என்.சி.எஸ்.ஏ.வை விட்டுச் சென்றபின் அந்த மென்பொருளின் வளர்ச்சி நின்றது. அதைப் பயன்படுத்தி வந்த சிலர் தாங்கள் செய்த திருத்தங்களை ஒன்றுசேர்த்து 1995 ஏப்ரலில் அப்பாச்சி என்ற பெயரில் வெளியிட்டனர். ஓராண்டுக்குள் அது உலகில் மிகுதியாகப் பயன்படும் வழங்கி மென்பொருளானது.

அப்போது ஒரு தடை இருந்தது. உலாவி தான் இணைய எண் முகவரியை மட்டுமே பார்த்து வழங்கியை அடைந்தது. எந்தப் பெயருள்ள தளம் வேண்டும் என்று வழங்கியிடம் சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் தனி எண் முகவரி தேவைப்பட்டது. 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 வரையறை, தளத்தின் பெயரையும் உலாவி கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று விதித்தது. அஞ்சல்காரரிடம் தெருவின் பெயரோடு வீட்டுக்காரர் பெயரையும் எழுதிக் கொடுப்பது போன்றது இது. இதன்பின் ஒரே எண் முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்களை வைக்க முடிந்தது. வாடகை குறைந்தது. 1996இல் தொடங்கிய சிபேனல் போன்ற கட்டுப்பாட்டுப் பலகைகள், கட்டளை வரி தெரியாதவரும் தம் தளத்தைத் தாமே நிர்வகிக்க உதவின.

வீட்டுக்காரரின் அச்சம்

இடம் மலிவானது. நிரல் ஓட்டும் உரிமை அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. அதற்கு மூன்று காரணங்கள் இருந்தன.

முதலாவது, சுமை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரல் ஒருமுறை புதிதாகத் தொடங்க வேண்டும். ஒரே நேரத்தில் நூறு பேர் வந்தால் நூறு ஓட்டங்கள். ஒரு குடியிருப்பவரின் பக்கம் புகழ்பெற்றால் அதே கணினியில் உள்ள எல்லாருடைய பக்கங்களும் மெதுவாகும்.

இரண்டாவது, அடையாளம். குடியிருப்பவர்களின் நிரல்கள் எல்லாம் பொதுவாக வழங்கி மென்பொருளின் ஒரே பயனர் கணக்கில் ஓடின. ஆகவே ஒருவருடைய நிரல் அடுத்தவருடைய கோப்புகளைப் படிக்க வழி இருந்தது. ஒரே சாவி எல்லா அறைகளையும் திறக்கும் நிலை.

மூன்றாவது, கவனக்குறைவாக எழுதப்பட்ட நிரல்கள். என்.சி.எஸ்.ஏ., அப்பாச்சி ஆகியவற்றோடு மாதிரிக்காக வந்த பி.எச்.எஃப். என்ற சி.ஜி.ஐ. நிரலில் ஒரு பிழை இருந்தது. வெளியாள் அதன் வழியாக வழங்கியில் தம் விருப்பப்படி கட்டளைகளை ஓட்ட முடியும் என்று 1996இல் எச்சரிக்கை வெளியானது. 1995 முதல் மாட் ரைட் என்ற இளைஞர் இலவசமாகத் தந்த பெர்ல் குறுநிரல்கள் உலகெங்கும் நகலெடுக்கப்பட்டன. அவற்றுள் ஃபார்ம்மெயில் என்பது படிவத்தில் நிரப்பியதை மின்னஞ்சலாக அனுப்பும். பெறுநர் முகவரியும் படிவத்திலிருந்தே வந்ததால், எரிதம் அனுப்புவோர் அதைத் தங்கள் அஞ்சல் நிலையமாக ஆக்கிக்கொண்டனர். கெட்ட பெயர் வழங்கி நிறுவனத்துக்கே வந்தது.

இதனால் பல நிறுவனங்கள் மலிவுத் திட்டங்களில் சி.ஜி.ஐ.யை மறுத்தன. சில நிறுவனங்கள் தாமே சோதித்து வைத்த வருகைக்கணக்கு, விருந்தினர் ஏடு போன்ற சில நிரல்களை மட்டும் அனுமதித்தன. வேறு சில நிறுவனங்கள் ஒரே ஒரு குறிப்பிட்ட அடைவில் மட்டும் நிரல்களை வைக்கலாம் என்றன.

அனுமதி கிடைத்தவருக்கும் வேலை எளிதாக இல்லை. பெர்ல் நிரலின் முதல் வரியில் அந்தக் கணினியில் பெர்ல் இருக்கும் இடத்தைச் சரியாகக் குறிக்க வேண்டும். கோப்புக்கு 755 என்று இயக்க அனுமதி தர வேண்டும். விண்டோஸ் கணினியிலிருந்து ஏற்றும்போது உரை முறையில் ஏற்ற வேண்டும்; இல்லாவிட்டால் வரிமுடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். இவற்றில் எது தவறினாலும் திரையில் தெரிவது ஒன்றே: 500 என்ற எண்ணிட்ட வழங்கிப் பிழை. என்ன பிழை, எந்த வரியில் பிழை என்று அது சொல்லாது. புதிதாகக் கற்பவர்கள் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

ஒரு தன்விவரப் பக்கத்திலிருந்து

கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994இல், இணையத்தில் வைத்திருந்த தம் தன்விவரப் பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று அறியச் சில சி.ஜி.ஐ. நிரல்களை சி மொழியில் எழுதினார். அவற்றுக்குப் பெர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ் என்று பெயரிட்டார். பி.எச்.பி. என்ற சுருக்கம் அதிலிருந்து வந்தது. 1995 ஜூன் 8 அன்று அவற்றின் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டார். இஸ்ரேலின் டெக்னியான் கல்வி நிறுவன மாணவர்களான ஆண்டி குட்மன்ஸ், ஜீவ் சுராஸ்கி இருவரும் அதன் மையப் பகுதியைப் புதிதாக எழுத, 1998 ஜூனில் பி.எச்.பி. 3 வெளியானது. 2000 மே மாதத்தில் நான்காம் பதிப்பு வந்தது.

பி.எச்.பி. பக்கம் என்பது சாதாரண எச்.டி.எம்.எல். பக்கமே. நடுவில் தேவையான இடத்தில் மட்டும் நிரல் வரிகள் இருக்கும். முதல் வரியில் பாதை எழுத வேண்டாம். இயக்க அனுமதி தர வேண்டாம். கோப்பை ஏற்றினால் போதும். பிழை நேர்ந்தால் எந்தக் கோப்பில் எந்த வரி என்று பெரும்பாலும் திரையிலேயே தெரியும்.

வழங்கி நிறுவனங்களுக்கும் இது ஏற்றதாக இருந்தது. பி.எச்.பி. அப்பாச்சிக்குள் ஒரு கூறாகவே அமர்ந்துகொள்ளும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி நிரலைத் தொடக்க வேண்டியதில்லை. கோரிக்கை முடிந்ததும் அதற்காக எடுத்த நினைவகம், மாறிகள் எல்லாவற்றையும் விட்டுவிடும். அடுத்த கோரிக்கை வெற்றுப் பலகையில் தொடங்கும். குடியிருப்பவர் எவ்வளவு மோசமாக எழுதினாலும் அந்தக் குப்பை ஒரு கோரிக்கையோடு கூட்டப்பட்டுவிடும்.

மற்ற மொழிகள் நின்ற இடம்

அந்நாளில் வேறு தொழில்நுட்பங்களும் இருந்தன. 1996இல் வந்த மாட்பெர்ல், பெர்லையும் அப்பாச்சிக்குள் கொண்டுவந்தது; வேகமும் அதிகம். ஆனால் அது அப்பாச்சியின் உட்பகுதிகளையே மாற்றும் ஆற்றலை நிரலுக்குத் தந்தது; நிரலும் கோரிக்கை முடிந்தபின் நினைவகத்திலேயே தங்கியது. சொந்த வழங்கி உள்ளவருக்கு அது வரம். பலர் குடியிருக்கும் வீட்டில் அதைத் தர முடியாது.

மைக்ரோசாஃப்ட் 1996 இறுதியில் ஏ.எஸ்.பி. பக்கங்களை அறிமுகப்படுத்தியது. எழுதுவதற்கு அதுவும் எளிது. ஆனால் அதற்கு விண்டோஸ் வழங்கி வேண்டும், உரிமக் கட்டணம் வேண்டும். ஜாவா வழிமுறைகளுக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தனி இயந்திரமும் மிகுந்த நினைவகமும் தேவை. சில நூறு பேர் குடியிருக்கும் கணினியில் ஆளுக்கொன்று கொடுப்பது கட்டுப்படியாகாது.

லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்.கியூ.எல்., பி.எச்.பி. ஆகிய நான்கும் கட்டணமின்றிக் கிடைத்தன. இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து லாம்ப் என்ற பெயரை 1998இல் ஒரு ஜெர்மன் கணினி இதழில் மைக்கேல் குன்ட்ஸே எழுதினார். மலிவான திட்டங்களின் விலைப்பட்டியலில் இந்தக் கூட்டணி நிலைபெற்றது. மொழியின் அழகைப் பார்த்தால் பி.எச்.பி.யைவிடச் சீரான மொழிகள் அப்போதே இருந்தன என்று கணினி அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். வாடகை வீட்டில் இடம் கிடைத்தது பி.எச்.பி.க்கு.

அதன் விளைவு பெரிது. 2000இல் தொடங்கிய பி.எச்.பி.பி.பி. என்ற கருத்துக்கள மென்பொருளும், 2003 மே 27 அன்று மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகியோர் வெளியிட்ட வேர்ட்பிரஸும் மலிவுத் திட்டத்தையே மனத்தில் வைத்து வளர்ந்தன. நிரல் எழுதத் தெரியாதவரும் கோப்புகளை ஏற்றி, தரவுத்தளக் கடவுச்சொல்லைக் கொடுத்து, சில நிமிடங்களில் சொந்தத் தளம் நடத்த முடிந்தது. விக்கிப்பீடியாவும் 2001இல் யூஸ்மாட்விக்கி என்ற பெர்ல் நிரலில் தொடங்கி, 2002இல் பி.எச்.பி.க்கு மாறியது. விக்கிப்பீடியா தனக்கென வழங்கிகளை வைத்திருந்தாலும், அதன் மீடியாவிக்கி மென்பொருளைச் சிறு குழுக்களும் தங்கள் வாடகை இடத்தில் நிறுவிக்கொள்ள முடிந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அந்த மென்பொருளில்தான் இயங்குகிறது.

பொதுச் சுவரின் விரிசல்கள்

எளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. தொடக்க காலப் பி.எச்.பி.யில், முகவரியில் ஒருவர் எழுதும் பெயர்கள் அப்படியே நிரலின் மாறிகளாகிவிடும் வசதி இருந்தது. நிரலில் நிர்வாகி என்ற மாறி 1 ஆக இருந்தால் உள்ளே விடலாம் என்று எழுதியிருந்து, அதற்குத் தொடக்க மதிப்பு தர மறந்திருந்தால், வெளியாள் முகவரியின் இறுதியில் நிர்வாகி=1 என்று சேர்த்தே உள்ளே வந்துவிடலாம். 2002இல் வந்த 4.2 பதிப்பு இவ்வசதியை இயல்பாக அணைத்து வைத்தது. ஆனால் பழைய வாடிக்கையாளர்களின் நிரல்கள் நின்றுவிடும் என்று அஞ்சிப் பல நிறுவனங்கள் அதை மீண்டும் திறந்து வைத்தன. 2012இல் 5.4 பதிப்பில்தான் அது முற்றிலும் நீக்கப்பட்டது.

அறைகளுக்கிடையே சுவர் எழுப்பவும் முயன்றார்கள். பாதுகாப்பு முறை எனப்பட்ட ஓர் அமைப்பு, நிரலின் உரிமையாளரும் அது திறக்க முயலும் கோப்பின் உரிமையாளரும் ஒருவரே தானா என்று பார்க்கும். அதே கணினியில் வேறு மொழியில் எழுதிய நிரலை அது தடுக்காது. இந்தச் சிக்கலை மொழியின் மட்டத்தில் தீர்க்க முயல்வது அடிப்படையில் சரியான வழியல்ல என்று பி.எச்.பி. கையேடே ஒப்புக்கொண்டது. அதுவும் 5.4 பதிப்பில் நீக்கப்பட்டது. நிலையான தீர்வு இயங்குதளத்தின் மட்டத்தில் வந்தது. ஒவ்வொருவரின் நிரலையும் அவரவர் பயனர் கணக்கிலேயே ஓட்டும் சூஎக்ஸெக் வசதி அப்பாச்சி 1.2 பதிப்பில், 1997இல், சி.ஜி.ஐ.க்காக வந்திருந்தது. அதே கருத்தைப் பி.எச்.பி.க்கும் விரித்தார்கள். 2010இல் வெளியான கிளவுட்லினக்ஸ் ஒவ்வொரு குடியிருப்பவருக்கும் செயலி நேரத்துக்கும் நினைவகத்துக்கும் தனித்தனி வரம்பு விதித்தது.

2004 டிசம்பர் மாதம் நடந்த ஒரு நிகழ்வு ஆபத்தின் அளவைக் காட்டியது. சான்டி என்ற தீநிரல், பி.எச்.பி.பி.பி. கருத்துக்களங்களை கூகுள் தேடல் மூலம் தானே தேடிக் கண்டுபிடித்து, அவற்றின் ஒரு பிழை வழியாக நுழைந்து, எழுத அனுமதி உள்ள பக்கங்களையெல்லாம் அழித்து எழுதியது. சில நாள்களில் பல்லாயிரம் தளங்கள் பாதிக்கப்பட்டன. கூகுள் அந்தத் தேடல்களைத் தடுத்த பிறகே பரவல் அடங்கியது. பிழையைத் திருத்திய பதிப்பு ஒரு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. ஐந்து நிமிடத்தில் நிறுவியவர்களில் பலர், நிறுவிய பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதிப்பு மாற்றத்தின் இழுபறி

2004 ஜூலையில் பி.எச்.பி. 5 வெளியானது. மூன்று ஆண்டுகள் கழிந்தும் பல பகிர்வுத் திட்டங்களில் நான்காம் பதிப்பே இருந்தது. வாடிக்கையாளரின் மென்பொருள்கள் நான்கில் நன்றாக ஓடுகின்றன, ஏன் மாற்ற வேண்டும் என்றனர் வழங்கி நிறுவனத்தார். வழங்கிகளில் நான்குதான் இருக்கிறது, ஐந்துக்கு எப்படி எழுதுவது என்றனர் மென்பொருள் எழுதுவோர். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

2007இல் ட்ரூபல், பிஎச்பிமைஅட்மின் உள்ளிட்ட திட்டங்கள் கோபிஎச்பி5 என்ற பெயரில் ஒன்றுகூடின. 2008 பிப்ரவரி 5க்குப் பிறகு வெளியிடும் புதிய பதிப்புகளுக்கு பி.எச்.பி. 5.2 கட்டாயம் என்று அறிவித்தன. பி.எச்.பி. குழுவும் 2008 ஆகஸ்டு 8உடன் நான்காம் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. அதன்பின் நிறுவனங்கள் மாறத் தொடங்கின. வேர்ட்பிரஸ் மட்டும் மலிவு வாடகைக்காரர்களை விட்டுவிடாமல் 2011 ஜூலை வரை நான்காம் பதிப்பில் ஓடும்படி எழுதப்பட்டது. இதைப் பொறுமை என்றும் சொல்லலாம், பழைய பதிப்புக்கு ஆயுள் கொடுத்தது என்றும் சொல்லலாம். இரண்டிலும் உண்மை உண்டு.

தமிழ்ப் பக்கங்களும் இந்த இழுபறியும்

தமிழில் தளம் நடத்தியவர்களை இது நேரடியாகத் தொட்டது. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் எடுக்கும். தமிழ் என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள் உள்ளன. அதன் நீளம் என்ன என்று பி.எச்.பி.யின் வழக்கமான சார்பைக் கேட்டால் 15 என்று விடை வரும், ஏனெனில் அது பைட்டுகளை எண்ணுகிறது. முன்னுரைக்காக ஒரு கட்டுரையின் முதல் 100 பைட்டுகளை வெட்டினால், வெட்டு ஒரு குறியின் நடுவில் விழுந்து கடைசி எழுத்து சிதையும். இதற்கென உள்ள பன்மொழிச் சார்புகளைப் பயன்படுத்தலாம். ஆனால் அவை கூடுதல் இணைப்பில் வருபவை. வழங்கி நிறுவனம் அந்த இணைப்பைச் சேர்த்திருந்தால்தான் கிடைக்கும்.

தரவுத்தளத்திலும் இதே நிலை. மைஎஸ்.கியூ.எல். 4.1 பதிப்பிலிருந்துதான் யூ.டி.எஃப்.-8 ஆதரவு வந்தது. அது 2004இல் நிலையான பதிப்பானது. அதற்கு முந்தைய தரவுத்தளத்திலிருந்து கவனமின்றி மாற்றியபோது தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறின. பி.எச்.பி. மொழியையே ஒருங்குறிக்கு மாற்றும் நோக்கோடு தொடங்கிய ஆறாம் பதிப்பு 2010இல் கைவிடப்பட்டது. அதனால்தான் ஐந்துக்குப் பிறகு நேராக ஏழு வந்தது.

இன்றைய நிலை

2006இல் அமேசான் தொடங்கிய மேகக் கணிமைச் சேவைக்குப் பின், சொந்த வழங்கி போன்ற ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க முடிகிறது. பைதான், ரூபி, 2009இல் வந்த நோட் ஆகியவை அந்த வழியில் வளர்ந்தன. பகிர்வுத் திட்டங்கள் சிலவற்றிலும் இன்று இவற்றுக்கு இடமுண்டு. இருந்தாலும், வழங்கிப்புற மொழி எது என்று அறியக்கூடிய தளங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பி.எச்.பி.யையே பயன்படுத்துகின்றன என்று டபிள்யு3டெக்ஸ் கணக்கெடுப்பு அண்மை ஆண்டுகளில் காட்டிவருகிறது. சி.ஜி.ஐ. முறை 2004இல் முறையான ஆவணமாகப் பதிவு பெற்றது. அப்பாச்சி இன்றும் அதை ஏற்கிறது. பைதான் தன்னோடு வழங்கிவந்த சி.ஜி.ஐ. கூறினை 2024இல் 3.13 பதிப்பில் நீக்கிவிட்டது.

ஒரு பள்ளிக்கோ சங்கத்துக்கோ தளம் அமைக்க நினைக்கும் மாணவர், திட்டத்துக்குப் பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேட்பது நல்லது. பி.எச்.பி.யின் எந்தப் பதிப்பு உள்ளது, அதற்கு இன்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றனவா? நிரல்கள் நம் பெயரிலான கணக்கில் ஓடுமா, பொதுக் கணக்கில் ஓடுமா? பன்மொழிச் சார்புகளும் ஒருங்குறித் தரவுத்தளமும் உண்டா? நாள்தோறும் படியெடுத்து வைப்பது யார் பொறுப்பு? நான்காவது கேள்விக்கு நிறுவனம் என்ன விடை சொன்னாலும், ஒரு படியை நம் கையிலும் வைத்துக்கொள்ள வேண்டும்.